சும்மா வீடு பார்க்க வந்தேன்

சிரஞ்சீவி மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் என் மகளும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். குறிப்பாகத் தாங்கள் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்து முடிக்கக் கொஞ்சம் தெம்பு தேவைப்படும்.

ஊர் சுற்றிப் பார்க்க வந்த எனக்குத் தாங்கள் அன்போடு ஏற்பாடு செய்த ஓட்டல் மிகவும் உயர்தரமானது. குளியலறையில் எந்தக் குழாயைத் திறந்தால் எங்கிருந்து தண்ணீர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் முதல் நாள் சட்டையோடு குளித்தேன். வாசலில் ஒரு நீரூற்று கலர் விளக்கு போட்டுக்கொண்டு பகலெல்லாம் ஆடுகிறது. அதே நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் குடங்களோடு ஒரு வரிசை தண்ணீர் லாரிக்காக நிற்பது என் மாடி ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு மதில்தான். நான் பாட்டுக்கு ஜன்னல் திரையை இழுத்து விட்டுவிட்டு இருந்திருப்பேன். "ஓட்டல்லயே உக்காந்துடாதீங்க மாமா, நாலு தெரு நடந்து அந்த ஊர் ஜனங்க எப்படி வாழறாங்கன்னு பாருங்க" என்று போனில் சொன்னது யார்? தாங்கள்தான். ஆகவே இனி வரும் அனைத்துக்கும் தாங்களே பொறுப்பு.

நடந்தேன். மதிலைச் சுற்றிக்கொண்டு போனால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு சந்து முழுக்க. முதல் வீட்டு வாசலில் ஒரு தையல்காரம்மா. வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினைப் பாதி வீட்டுக்குள்ளும் பாதி சந்துக்குள்ளும் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் அவருடைய ரெண்டு பெண் குழந்தைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். யாருங்க, என்ன வேணும் என்று கேட்டார். ஏழைகள் எப்படி இருக்காங்கன்னு பார்க்க வந்தேன் என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்றது? நாக்கு கூசிச்சு. "ஒண்ணுமில்லம்மா, சும்மா வீடு பார்க்க வந்தேன்"னுட்டேன். மாப்பிள்ளை, நான் பார்க்கறதுன்னா பார்க்கறதைத்தான் சொன்னேன். வாடகைக்கு வீடு பார்க்கறதுக்கும் இதே வார்த்தைதாங்கறது அந்த நேரத்துல எனக்கு உறைக்கவே இல்லை. அதோட நான்தான் ஆயுசு பூராவும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரா இருந்தவனாச்சே, சும்மா இருப்பேனா? அண்ணாந்து பார்த்தேன், கூரை ஒழுகுமான்னேன், குழாய் எங்கேன்னேன், ஜன்னலே இல்லையேன்னேன். அந்தம்மா மரியாதையா ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லச் சொல்ல முகம் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. பாவம், வறுமை எப்படி வாட்டியிருக்குன்னு நான் உச்சுக் கொட்டிக்கிட்டே நின்னேன்.

என் முதுகுக்குப் பின்னாலேயே சந்து மொத்தத்துக்கும் சொந்தக்காரரான வீட்டுக்காரர் நின்னிருக்கார். அவர் என் மூஞ்சியைப் பார்க்கலை, காலைப் பார்த்தார். அவசரத்துல ஓட்டல் ரூம்ல குடுத்த வெள்ளைச் செருப்போடயே கிளம்பிட்டேன், அதுல ஓட்டல் பேரு பெருசா போட்டிருந்துச்சு. குடியிருக்கவா, சாமான் போடவான்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ரெண்டுக்கும் இடம் தோதா இருக்கும்னு அவரே சொல்லிட்டுப் போயிட்டார்.

மறுநாள் அந்தப் பக்கம் போனா மிஷின் ஓடலை, போர்வையைப் போட்டு மூடியிருக்கு. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டார். உங்களுக்கு வீடு பிடிச்சுப் போச்சாமே"ன்னு அந்தம்மா சொன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நடந்ததை எல்லாம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப எங்களைப் பார்க்கத்தான் வந்தீங்களா?"ன்னாங்க. ஆமாம்னேன். "பார்த்தாச்சா?"ன்னாங்க. அவங்களுக்குத் தைக்கத் துணி குடுக்கறவங்க அத்தனை பேரும் அந்தச் சந்துலதான் இருக்காங்க, அதை விட்டுட்டு எங்கே போய் மிஷினைப் போடறது? திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

நேரா வீட்டுக்காரர்கிட்ட போய் எனக்கு வீடு வேண்டாம்னேன். பேரம் பேசறேன்னு நினைச்சுச் சிரிச்சார். சரி, குறை சொல்லிக் கழட்டி விடலாம்னு பார்த்தேன். கூரை ஒழுகுதுன்னேன், சாயங்காலத்துக்குள்ள புதுத் தகரம் ஏறிடுச்சு. குழாய் இல்லைன்னேன், மறுநாளே குழாய் போட ஆள் வந்தாச்சு. அதுக்காக அந்தம்மா வருஷக்கணக்கா கெஞ்சியிருக்காங்க மாப்பிள்ளை, அப்பல்லாம் அவருக்குக் காது கேக்கலை. ஜன்னல் இல்லைன்னு சொல்லி வாயை மூடலை, சுவத்தை உடைச்சு ஜன்னல் வெச்சுட்டார். நான் ஒரு குறை சொல்லச் சொல்ல வீடு ஜோராகிக்கிட்டே போகுது. இவ்வளவு நல்ல வீட்டை இனிமே தனக்கெங்கே குடுப்பார்னு பயந்து அந்தம்மா, "ஐயா, புண்ணியமாப் போகும், இதுக்கு மேல குறை சொல்லாதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க.

அந்தப் புது ஜன்னல் வழியா குப்புன்னு ஒரு புகை. கூடவே பேய்ச் சத்தம். விட்டேனா? இந்தப் புகையில மனுஷன் இருப்பானா, இதை நிறுத்துங்க, இன்னைக்கே குடி வரேன்னு சவுண்டு விட்டேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், அது உங்க ஓட்டல் ஜெனரேட்டர். உங்க ரூம் ஏ.சி.க்குத்தான் ஓடுது. அதை நான் எப்படி நிறுத்தறது?"

எனக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் அகப்பட்டதைப் பிடிச்சுக்கிட்டு, அப்ப எனக்கு வேண்டவே வேண்டாம்னு முடிச்சேன். பழையபடி நீயே இருந்து தொலைன்னு வீட்டுக்காரர் அந்தம்மாகிட்ட முணுமுணுத்தார். வாடகையை ஏத்தலாம்னு வாயெடுத்தவரை, இந்தப் புகைக்கு வாடகை வேறயான்னு நான் கேட்டதும் சந்தே சிரிச்சுடுச்சு, மனுஷன் கப்சிப். போர்வையை எடுத்துட்டு மிஷின் ஓட ஆரம்பிச்சதைக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அன்னைக்கு ஏ.சி.யை அணைச்சுட்டு வேர்த்துக்கிட்டே படுத்தேன். நான் ஒருத்தன் அணைச்சதால ஜெனரேட்டர் கொஞ்சம்கூட நிக்கலை. வெக்கமா இருந்துச்சு மாப்பிள்ளை.

ஆகவே ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டேன். குறித்த தேதியில் ஊர் திரும்புகிறேன். இனி ஜென்மத்துக்கும் யார் வீட்டையும் பார்க்கப் போவதில்லை, தாங்கள் வாங்கப் போகும் புது ஃப்ளாட் உள்பட. மகளிடம் வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லவும், சாப்பிடுவதில்லை என்றாலும். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். எல்லோரும் நீடூழி வாழ்க என்று வாழ்த்தும்,

தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: டிக்கெட்டை உடனே தள்ளிப் போடவும். இதை ஒட்டும் சமயத்தில் தையல்காரம்மா ஓட்டல் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டார். காவலாளி உள்ளே விடாததால் நானே வெளியே போய்ப் பேசினேன். ரெண்டாவது வீட்டுக் கூரையும் ஒழுகுதாம், கடைசி வீட்டுக்குக் கதவே சரியில்லையாம், நாளைக்கு நான் வந்து வீடு பார்க்கணும்னு சந்து மொத்தமும் கேட்டு அனுப்பியிருக்கு. ஜெனரேட்டர் குறையை மட்டும் எல்லா ரிப்பேரும் முடிஞ்சப்புறம்தான் சொல்லணுமாம். அந்த வெள்ளைச் செருப்பை மறக்காம போட்டுக்கிட்டு வரணுமாம், அது இல்லேன்னா என் பேச்சையும் யாரும் கேக்க மாட்டாங்களாம்.