அரக்கிக்கு என்ன வேண்டும்?

எங்கள் வீட்டில் எந்தப் பேச்சிலும் கடைசிச் சொல் என் மனைவி ஜோஸ்பினுடையது. ஒரு தடவையாவது அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று போன மாதம் முடிவெடுத்தேன்.

அதற்கு வழியும் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், நண்பர் அப்துல் வாஹித் வீட்டு மாடியில் நாலைந்து பேர் கூடிக் கதை ஆட்டம் ஆடுவோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்வோம். அது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். மற்றபடி கதை சொல்பவர் வைத்ததுதான் சட்டம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து, எதிரில் ஜோஸ்பின் உட்கார்ந்தால்?

சாக்கும் கிடைத்தது. இந்த ஆட்டத்துக்கென்றே நடக்கும் ஓர் இணைய இதழ் புதுக் கதைக்களங்கள் கேட்டிருந்தது. எழுதுகிறவர்களுக்குப் பக்கம் பக்கமாக விதிகள். அதில் ஒன்று: அனுப்புமுன், ஆட்டமே தெரியாத ஒருவரை வைத்து ஆடிப் பார்க்க வேண்டும்.

ஆட்டமே தெரியாதவர் அடுப்படியில் பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

மற்ற விதிகளை நான் படிக்கவில்லை. விதியை முன்கூட்டிப் படித்தவன் யார்? உட்கார்ந்து எழுதித் தள்ளினேன். சிறுமலை அடிவாரத்தில் ஒரு குகை. உள்ளே புதையல். அதைக் காக்க ஓர் அரக்கி. உள்ளே போனவன் மேற்கொண்டு போக ஒரே வழி, அவள் வாய்.

"ஜோசு, செத்த நேரம் வா. ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கணும்."

"வெஞ்சனம் யாரு வைப்பா?"

"பெறகு நான் வைக்கிறேன்."

கத்தியைக் கீழே வைத்த சத்தம் கேட்பதற்குள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த விதியெல்லாம் இங்கிட்டுக் குடுங்க. படிச்சிட்டுத்தான் ஆடுவேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு, "ம், சொல்லுங்க" என்றாள்.

"நீ குகைக்குள்ள போற. அரக்கியப் பாத்ததும் வெலவெலத்துப் போயிர்ற."

"நான் வெலவெலக்கலையே."

"கதையில வெலவெலக்குற."

"ஆடுறவங்க என்ன நினைக்கிறாங்கன்னு எழுதுறவரு முடிவு பண்ணக் கூடாதுன்னு போட்டிருக்கு. பாருங்க."

பார்த்தேன். போட்டிருந்தது.

"சரி. அவ உன்னைய முழுங்க வாரா. பகடைய உருட்டு."

"ஒரு எடத்துக்கு ஒரே வழி மட்டும் வைக்காதீங்கன்னும் போட்டிருக்கு. அந்த அரக்கிக்கு என்ன வேணும்?"

"அவளுக்கு என்ன வேணும்? அரக்கி. ஆளத் திம்பா."

"அரசனோ அரக்கியோ, கதையில வர்றவங்களுக்கு ஒரு ஆசை இருக்கணுமாம். தடிச்ச எழுத்துல போட்டிருக்காங்க. நான் அவகிட்டயே கேட்டுக்கிறேன். ஏம்மா, சாப்டியா?"

பதில் சொல்ல வேண்டியது நான். ஆட்டம் அப்படி. குரலைக் கனமாக்கிக்கொண்டு அரக்கியாகப் பேசினேன்.

"எங்க சாப்பிட? விடிஞ்சதுலருந்து காவல். வர்றவன் பூரா வாளோட வாரான். ஒருத்தனாச்சும் உக்காந்து ஒரு வார்த்தை பேசுறானா?"

என்னை அறியாமல் அரக்கிக்காகப் பரிந்து பேச ஆரம்பித்திருந்தேன். ஜோஸ்பின் அவளை உட்காரச் சொன்னாள். சொந்த ஊர் கேட்டாள். சேவுகம்பட்டி என்று வாயில் வந்துவிட்டது.

"ஊருக்குப் போயி எம்புட்டு நாளாச்சு?"

"எம்புட்டோ வருசம் இருக்கும்க்கா."

"பாவம். ஒரு எட்டுப் போயி எல்லாரையும் பாத்துட்டு வா. அதுவரைக்கும் புதையல நான் பாத்துக்கிறேன்."

அரக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தாள். பகடையை யாரும் தொடவே இல்லை.

"முடிஞ்சுச்சா?" என்றாள் ஜோஸ்பின்.

"முடிஞ்சுச்சு."

"அப்பப் பீர்க்கங்காயப் பாருங்க."

பார்த்தேன். வதக்கும்போது கோபம் வந்தது. வெந்து இறக்கும்போது அடங்கிவிட்டது. நான் எழுதியதைவிட இவள் ஆடியதுதானே கதை? சாப்பிட்டதும், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன் என்றேன். கேலி செய்வாள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

என் வாக்கியம் திண்டுக்கல்லில் ஏறினால் வத்தலக்குண்டில்தான் இறங்கும். அதைப் பாதி வழியில், செம்பட்டியிலேயே இறக்கிவிட்டாள்.

"இது ரொம்ப நீளம். ரெண்டாக்குங்க."

"எதப் பத்திச் சொல்ற?"

"பத்தியப் பத்தித்தான்."

தலைப்புகளை ஒரே அளவாக்கினாள். அரக்கியின் பலம், பலவீனம், ஆசை மூன்றையும் விதிப்படி தனிக் கட்டத்தில் போடவைத்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போக வேண்டியிருந்தும் முகம் சுளிக்கவில்லை. தோற்கடித்த கையோடு தூக்கியும் விடுகிற ஆள் யாருக்கு வாய்க்கும்? இருவர் பேரையும் போட்டேன். மனசார நன்றி சொன்னேன்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். இங்க ஒரு 'ப்' விட்டுப்போச்சு பாருங்க" என்றாள்.

அதையும் போட்டு அனுப்பினேன்.

நேற்று இதழாசிரியர் புவனேஸ்வரியிடமிருந்து பதில் வந்தது. சத்தமாகப் படித்தேன். "அரக்கி பேசும் இடத்தில் எங்கள் குழுவே கலங்கிவிட்டது. விதிகளை இவ்வளவு அழகாகப் பின்பற்றிய களம் இதுவரை வந்ததில்லை. அடுத்த இதழில் வெளியிடுகிறோம். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. முன்னுரையை மட்டும் நீக்கிவிட்டோம்."

ஜோஸ்பின் கண்ணாடியைக் கழற்றினாள். "என்ன முன்னுரை? நான் பாக்கலையே."

அது மட்டும்தான் நான் தனியாக எழுதியது.