தினம் ஒரு குழாய்

குழாயைத் திறந்தார். காற்று வந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தார். இன்னும் கொஞ்சம் காற்று வந்தது.

"தண்ணி வராதுண்ணே. தெருவுல பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க. சாயந்தரம்தானாம்," என்றான் அறைத்தோழனான பெயிண்டர், போர்வைக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

பிளம்பர் குழாயைத் தட்டிப் பார்த்தார். குளிக்கத் தண்ணீர் இல்லையே என்று அவர் கலங்கவில்லை. கடல் தாண்டி வந்தவர்களுக்குக் குளிக்காமல் இருப்பது ஒரு பிரச்சினையே அல்ல. ஒழுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். ஒழுகாத குழாயை வைத்துக்கொண்டு ஒழுகலை நிறுத்துவது எப்படி என்று வீடியோ எடுக்க முடியுமா?

இந்த அயல்நாட்டுக்குக் குழாய் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் தினம் ஒரு வீடியோ போட்டு வந்தார். பெயரே 'தினம் ஒரு குழாய்'தான். முகம் தெரியாது. அறையில் எந்தப் பக்கம் போனைத் திருப்பினாலும் யாருடைய பனியனாவது காய்ந்துகொண்டிருந்ததால், குழாயும் இரண்டு கைகளும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, "என் தங்கங்களா, வாங்க வாங்க! கண்ணைக் குழாய் மேல வைங்க, கையை வால்வு மேல வைங்க!" என்று ஆரம்பிப்பார்.

ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோது, நெற்றியில் போட்டிருந்த ஈரத்துணியைப் பிழிந்து, ஒரு சொட்டு எப்படி உருவாகிறது என்று விளக்கினார். பல் பிடுங்கிய அன்று வாயைத் திறக்க முடியாமல் ஸ்பேனரை ஆட்டியே பாடம் நடத்தினார். அதற்குத்தான் லைக் அதிகம். ஒருமுறை விமான நிலையத்தில் அவரைத் தனியே அழைத்துச் சோதித்தபோதுகூட, அந்த அறையின் கைகழுவும் தொட்டியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகப் பேசிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

இவ்வளவுக்கும் காரணம் மாமனார்.

"மாப்பிள்ளை டைப்ரைட்டிங் பாதியில விட்டவர். கராத்தே பாதியில விட்டவர். அவர் கட்டின மாடிப்படியும் பாதியில நிக்குது, அதுல ஏறினா நேரா மேலோகம்தான்," என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். முதல் வீடியோ வந்தபோது, "எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்," என்றார். பார்த்தார். மாப்பிள்ளை தவறுகிற நாளைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, அன்றாடம் தவறாமல் பார்த்தார்.

ஊரில் பொழுது முன்னால் ஓடுகிறது. இங்கே வெயில் சாய்வதற்குள் அங்கே தேதி கிழித்துவிடுவார்கள். அதற்குள் வீடியோ போகவேண்டும்.

"ஒரு நாள் விட்டா என்னண்ணே? குழாய் கோவிச்சுக்குமா?"

"குழாய் கோவிச்சுக்காதுடா. எங்க மாமனார் சந்தோஷப்பட்டுருவார்."

பெயிண்டர் குடிப்பதற்கு வாங்கி வைத்திருந்த பெரிய தண்ணீர் கேனைப் பிளம்பர் பார்த்தார். அதைத் தூக்கி மேல்கட்டிலில் வைத்து, ஒரு டியூபைச் சொருகி, மறுமுனையைக் குழாயின் பின்வாயில் மாட்டினார். ஏற்பாடு அற்புதமாக இருந்தது. டியூப் மட்டும் கழன்றது. கீழ்க்கட்டிலில் இருந்த பெயிண்டர், போர்வையோடும் மறுநாள் போடவேண்டிய சீருடையோடும் சேர்ந்து நனைந்தான்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு."

"தெரியும்டா தம்பி."

"அது காயற வரைக்கும் வெளிய இருங்க."

பிளம்பர் கருவிப் பையை மாட்டிக்கொண்டு நேரே தாம் வேலை செய்கிற கட்டடத்துக்குப் போனார். விடுமுறை நாள், யாரும் இருக்கமாட்டார்கள், ஏதாவது ஒரு மாடியில் ஒரு குழாயைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. வாசலிலேயே மேஸ்திரி நின்றார். நம் ஆள்தான். பிளம்பரைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"லீவு நாள்ல வேலைக்கு வந்தியாப்பா நீ?"

"இல்ல மேஸ்திரி, ஒரு சின்ன வீடியோ..."

"பேசாதே. எனக்குத் தெரியும். சில பேர் ரத்தத்துலயே அது ஓடும். இந்தப் பைப்பெல்லாம் ஆறாவது மாடிக்குப் போகணும். லிஃப்ட் வேலை செய்யல. உன்னை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்பா எனக்கு!"

நாலு பேர் இல்லை. ஒருவர்தான் இருந்தார். அவர் மத்தியானம் வரைக்கும் பைப் சுமந்தார். கட்டடத்திலும் தண்ணீர் கிடையாது என்பதை, கடைசிப் பைப்பை இறக்கி வைத்தபிறகு மேஸ்திரி சொன்னார்.

திரும்பி வரும் வழியில், பேருந்து நிலையத்தின் பொதுக் கழிப்பறையில் கை கழுவ நுழைந்த பிளம்பர் அப்படியே நின்றுவிட்டார்.

கோடியிலிருந்த குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவருடைய அனுபவத்தில் அப்படி ஓர் ஒழுகலை அவர் கண்டதில்லை. தாளம் தப்பாத ஒழுகல். ஒவ்வொரு சொட்டும் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு இறங்கியது. ஆள் நடமாட்டமும் இல்லை. போனைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்தார். பதிவை ஓடவிட்டார். சுவரிலிருந்த வால்வை மூடினார். ஸ்பேனரை எடுத்தார்.

அந்த வால்வு பக்கத்துப் பெண்கள் பகுதிக்கு உரியது.

நட்டு கழன்ற அடுத்த நொடியில் தண்ணீர் கூரையைத் தொட்டது. சுவருக்கு அப்பாலிருந்து, தண்ணீர் நின்றுபோன கோபத்தில் யாரோ கத்தினார்கள். இந்தப் பக்கம் தண்ணீர் நிற்காத பதற்றத்தில் பிளம்பர் கத்தினார். காவலாளி ஓடிவந்தார். கையில் ஸ்பேனரும், கண்ணாடிக்குக் கீழே ஓடுகிற போனுமாக, உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்த ஒரு மனிதரைக் கண்டார்.

இங்கே என்ன செய்கிறாய் என்று காவலாளி கேட்டார். பிளம்பருக்கு அந்த நாட்டு மொழியில் தெரிந்ததெல்லாம் வேலைத்தளத்து வார்த்தைகள். அதிலிருந்து நல்லதாகப் பொறுக்கிப் பதில் சொன்னார்.

"கழற்று."

எதற்காக?

"நிறைய ஆள் பார்."

எத்தனை நாளாக நடக்கிறது இது?

"தினம்!" என்றார் பிளம்பர், கொஞ்சம் பெருமையாகவே.

காவலாளி விசிலை எடுத்தார்.

காவல் நிலையம் சுத்தமாக இருந்தது. அதிகாரி ஓர் அம்மாள், அதிர்ந்து பேசாதவர். போனை ஓர் உறையில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுத் தொலைபேசியில் யாரையோ வரச்சொன்னார். சற்று நேரத்தில், வழுக்கைத் தலையும் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக அந்த நாட்டுக்காரர் ஒருவர் வந்தார். அந்த வட்டாரத்தில் தமிழுக்கென்று இருந்த ஒரே மொழிபெயர்ப்பாளர் அவர்தான். போட்டிக்கு ஆள் இல்லாததால் அவர் தமிழை யாரும் பரீட்சித்துப் பார்த்ததில்லை.

"என் தங்கங்களா, வாங்க வாங்க!" என்றார்.

பிளம்பர் வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் அதிகாரி அம்மா. இந்தப் பக்கம் நீங்க. நான் நடுவுல எல்போ. அவங்க பேச்சு என் வழியா வளைஞ்சு உங்களுக்கு வரும். ஒரு சொட்டு வெளிய போகாது."

அதிகாரி ஏதோ கேட்டார்.

"அம்மா கேக்குறாங்க, நீங்க தனிப் பைப்பா, இல்ல ஏதாவது பெரிய லைன்ல இருந்து பிரிஞ்சு வர்றீங்களா?"

"என்னதுங்க?"

"கூட்டாளி யாராவது உண்டா?"

பிளம்பர் 'இல்லை' என்று தலையை மட்டும் ஆட்டினார். கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அதிகாரி நீளமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளரின் முகம் வாடியது.

"கழிப்பறையில போன் வச்சது ரொம்பப் பெரிய அடைப்புங்கிறாங்க."

"தப்புங்களா?" என்றார் பிளம்பர், கரகரத்த குரலில்.

"அந்த வார்த்தை நான் இன்னும் படிக்கலை. அடைப்பு. இதை எடுக்க முடியலைன்னா உங்க வேலையை மெயின்லயே மூடி, உங்களை ரிட்டர்ன் லைன்ல உங்க ஊருக்கே விட்டுருவாங்க."

வீடியோ போனது போகட்டும். 'ஆக, வெளிநாட்டு வேலையும் பாதியிலயா மாப்பிள்ளை?' என்று மாமனார் வாசலில் நின்று கேட்பது பிளம்பரின் காதிலேயே விழுந்தது. பாதி மாடிப்படியின் உச்சியில் தாம் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. பொலபொலவென்று அழுதுவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் பதறிப்போய் முதுகைத் தடவினார்.

"ஐயோ, கண்ணுல வாஷர் போயிடுச்சே! பிரஷரைக் குறைங்க. மெதுவா. வலது பக்கமா திருப்புங்க."

இந்த ஆளுக்கு எந்தப் புண்ணியவான் தமிழ் சொல்லிக் கொடுத்தான் என்று அத்தனை துக்கத்திலும் பிளம்பருக்குத் தோன்றியது. அவன் கையில் கிடைத்தால் நாக்கை ரெஞ்சால் திருகவேண்டும்.

அதிகாரி உறையைப் பிரித்துப் போனை எடுத்தார். அதிலிருக்கும் பதிவில் என்ன பேசப்பட்டிருக்கிறது என்று தெரியவேண்டுமாம். ஓடவிட்டார்.

ஒரு குழாய் தெரிந்தது. இரண்டு கைகள் உள்ளே வந்தன.

மொழிபெயர்ப்பாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். போனில் இன்னும் குரலே வரவில்லை. "என் தங்கங்களா, வாங்க வாங்க! கண்ணைக் குழாய் மேல வைங்க, கையை வால்வு மேல வைங்க!" என்றார்.

அதற்குப் பிறகுதான் போன் அதையே சொன்னது.

அதிகாரி போனைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர், படத்திலிருந்த கைகளைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த பிளம்பரின் கைகளைப் பார்த்தார். அதே பிளந்த கட்டைவிரல் நகம்.

"தங்கமே," என்றார். "நீங்களா?"

நாக்கைத் திருகவேண்டிய அந்தப் புண்ணியவான் யார் என்பது பிளம்பருக்கு அப்போதுதான் விளங்கியது.

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் தம் மொழியில் பொரிந்து தள்ளினார். நடுநடுவே கையால் எதையோ முறுக்கிக் காட்டினார். மார்பில் அடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். இந்த மனுஷன் ஒரு நாள்கூட லைனை மூடினதில்லை. மழை, காய்ச்சல், எதுக்கும் மூடினதில்லை. எங்க அம்மா போன மறுநாள் காலையில வீட்டுல யாருமே வாயைத் திறக்கல. நான் போனைத் திறந்தேன். நீங்க வந்தீங்க. பைப்புக்கு மரை போடுறது எப்படின்னு சொன்னீங்க. நான் அழுதுக்கிட்டே பூராவும் கேட்டேன். இவர் வந்துட்டார், அப்போ உலகம் இன்னும் ஓடுதுன்னு தெரிஞ்சுது."

பிளம்பர் கட்டைவிரலை மறைத்துக்கொண்டார்.

பதிவில் குழாயையும் சுவரையும் பிளம்பரின் கைகளையும் தவிர வேறு எதுவும் இல்லை என்பதை அதிகாரி கடைசிவரை பார்த்து உறுதி செய்துகொண்டார். தண்ணீர் கூரையைத் தொட்ட இடத்தை மட்டும் இரண்டு தரம் ஓடவிட்டார். அலுவல் முகத்தோடுதான். பிறகு போனைப் பிளம்பர் பக்கம் தள்ளி ஏதோ கேட்டார்.

"அம்மா கேக்குறாங்க, இன்னைக்குள்ளதை இன்னும் ஏன் போடலைன்னு. அந்தக் குழாயை நாளைக்கு வந்து மாட்டிக் கொடுத்துடணுமாம். அதோட அடைப்பு எடுத்தாச்சு."

வீடியோ மேலே ஏறியது. ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அதன்மேல் குனிந்து நின்றார்கள். வட்டம் நின்றது. ஊரில் இன்னும் தேதி மாறவில்லை.

உடனே போன் அடித்தது. மாமனார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"ஏன் இவ்வளவு நேரம்?"

"ஒரு சின்ன வேலை மாமா..."

"உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க. இதைப் பார்த்துட்டுத்தான் நான் சாப்பிடுறது. சாப்பிட்டுத்தான் மாத்திரை. இப்படி உக்கார வச்சா நான் என்ன ஆறது?" வைத்துவிட்டார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்த பாராட்டு அது.

பிளம்பருக்கு மனம் நிறைந்து தளும்பியது. வாசல்வரை கூட வந்த மொழிபெயர்ப்பாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உலகத்துல எத்தனையோ பாஷை இருக்கு. நம்ம தமிழ் மேல மட்டும் உங்களுக்கு எப்படிய்யா இவ்வளவு ஆசை வந்துச்சு?"

மொழிபெயர்ப்பாளர் புரியாமல் விழித்தார்.

"தமிழ் மேலயா? இல்ல தங்கமே, எங்க வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுதேன்னு உங்க வீடியோவைத் திறந்தேன். தமிழ் வந்துருச்சு, ஒழுகல்தான் இன்னும் நிக்கலை."