பானிபட் பாயும் நாற்பது கட்டு நோட்ஸும்

மதுரையிலிருந்து மேலூர் வரைக்கும் வரலாற்றுப் பாடத்தில் தேறியவர் யாரைப் பிடித்து உலுக்கினாலும் உள்ளேயிருந்து பானிபட் பாய் விழுவார். பாய் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஒத்தக்கடையில், கல்லூரி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "பானிபட்டு படிச்சாச்சா?" அதனால் வந்த பெயர். முந்நூறு பக்க நோட்ஸைப் புரட்டி எட்டுக் கேள்விகளைப் பென்சிலால் சுழித்துக் கொடுப்பார். பிள்ளைகள் அதை மட்டும்தான் படிப்பார்கள்.

"எதை வச்சு பாய் இதுதான் வரும்ங்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பானிபட்டுல மூணு போரு சார். போன தடவை ரெண்டாவது வந்துச்சு. இந்தத் தடவை ஒண்ணோ மூணோ வந்துதான ஆகணும். டவுன் பஸ்ஸு மாதிரி. எங்கிட்டுச் சுத்துனாலும் ஸ்டாண்டுக்கு வராமயா போகும்?"

பிட் அடிக்கிறவர்களை மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு மாணவன் வந்து, "பாய், இதைத் தீப்பெட்டி சைசுக்குக் குறைச்சுத் தாங்க" என்றான். பாய் முகம் மாறாமல் வாங்கி மெஷினில் எதையோ அமுக்கினார். தலையணை உறை அளவுக்கு ஒரு தாள் வெளியே வந்தது.

"இந்தா மாப்ள. சட்டைக்குள்ள வச்சுக்க. எழுத்து தெரியலேன்னா சொல்லு, இன்னும் பெருசாக்கித் தாரேன்."

என் மகள் மீனா பி.ஏ. வரலாறு. எல்லாத் தாளும் தேறி, இந்திய வரலாறு மட்டும் இரண்டு மதிப்பெண்ணில் அரியராக நின்றுவிட்டது. இந்தத் தடவை தேறினால் பி.எட். சேரலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் வீட்டில். அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். பிரஷர் மாத்திரை எனக்குத்தான் ஒன்று இரண்டானது. கப்பலூரில் ஒரு பட்டறையில் போல்ட்டுக்கு அளவு பார்ப்பது என் வேலை. அந்த வாரம் நட்டையெல்லாம் போல்ட் என்று எழுதி அனுப்பினேன்.

பரீட்சைக்கு முதல் நாள் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு பாய் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான்.

"எட்டே எட்டுக் கேள்வியப் படிச்சா புள்ள எப்படி பாய் பாஸாகும்?"

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பரீட்சை பாப்பாவுக்கா, உங்களுக்கா?"

"பாப்பாவுக்குத்தான்."

"அப்ப உங்க கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது? உள்ள வாங்கண்ணே. சும்மா நின்னா இன்னும் ஆடும்."

பதறி வருகிற பெற்றோருக்கெல்லாம் அவரிடம் ஒரே வைத்தியம்தான். கையில் ஸ்டேப்ளரைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். ஏற்கெனவே பேங்க் மேனேஜர் அம்மா ஒருவர் தரையில் உட்கார்ந்து தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது பானிபட். முதல் போரின் காரணங்கள், விளைவுகள். மூன்றாம் போரின் காரணங்கள், விளைவுகள். மொத்தம் நாலு குவியல். காரணத்தோடு விளைவைச் சேர்த்து அடிக்க வேண்டும். நாற்பது கட்டு. அடிக்க அடிக்கக் கை நடுக்கம் நின்றேவிட்டது. பாய் சாதாரண ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு, முதல் கட்டை மீனாவுக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் ஹாலில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தாள். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

மறுநாள் காலையில் பரீட்சைக்குக் கிளம்பும்போதே அவள் போனைப் பிடுங்கி அணைத்து வைத்துவிட்டேன். எல்லா வீட்டிலும் அதேதான் நடந்திருக்கும் போல. ஒன்பதரை மணிக்கு, நாங்கள் காத்திருந்த கல்லூரி வாசலில் பாயின் மொபெட் வந்து நின்றது. கட்டியிருந்த கைலி முழங்காலுக்கு மேலே. ஒரு காலில்தான் செருப்பு.

"ஒருத்தரும் போன எடுக்க மாட்டேங்கிறீங்க," என்றார் மூச்சு வாங்க. "முதப் போருல மராட்டியரு தோத்தாங்கன்னு படிச்சவுக அம்புட்டுப் பேரும் இங்கிட்டு வாங்க."

நாற்பது பேரும் போனார்கள்.

"முதப் போருக்கு மராட்டியரு வரவே இல்லத்தா. வராதவுகளத் தோக்கடிச்சு வச்சிருக்கோம். ஒரு புள்ள காலையில கடைக்கு வந்து கேட்டுச்சு, அப்பத்தான் பாத்தேன். காரணமெல்லாம் சரி. வெளைவு மட்டும் ஒண்ணுக்கு மூணு, மூணுக்கு ஒண்ணுன்னு மாறிக் கெடக்கு. தாளப் பிடிங்க. இன்னும் அர மணி நேரம் இருக்கு, தாராளம்."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது கட்டும் நான் அடித்தவை.

மீனா தாளை வாங்கிக்கொண்டு கேட்டாள். "எப்படி பாய் மாறுச்சு? யாரு செஞ்ச வேலை இது?"

பாய் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"மிசினு பழசாகிப்போச்சு பாப்பா. பக்கத்த மாத்தி மாத்தித் துப்புது."

ஸ்டேப்ளர் அடித்த கட்டை எந்த மெஷினும் துப்பாது. அது பக்கத்தில் நின்ற மேனேஜர் அம்மாவுக்கும் தெரியும். "ஆமாமா, ரொம்பப் பழசு," என்றார் அவர், என் பக்கம் திரும்பாமல்.

மூன்றாம் போர்தான் வந்தது. டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. மீனா தேறினாள், பி.எட். சேர்ந்துவிட்டாள். நான் கடைப் பக்கம் போனால் மட்டும் பாய் ஸ்டேப்ளரை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்.

மீனா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சீண்டுவாள். "என்ன பாய், மிசின மாத்தலையா?"

"மாத்திருவோம் பாப்பா. அடுத்த மாசம், இன்ஷா அல்லா."

"இதத்தான போன மாசமும் சொன்னீங்க. உங்க மிசினால என் ஒரு வருசம் போகப் பாத்துச்சு."

"தப்புத்தான் பாப்பா," என்று அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்வார்.

மீனா இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிப்பாள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த மெஷினில் ஒரு குறையும் இல்லை, தாயி.