கடலோசையில் சுவிட்ச் திறப்பு விழா

கேளம்பாக்கம் ‘கடலோசை’ அடுக்ககத்தின் உரிமையாளர் நலச் சங்கம் இந்த ஆண்டு ஆற்றிய மாபெரும் பணியை வருங்காலச் சந்ததியினர் கல்வெட்டில் படித்து மெய்சிலிர்க்கப் போகிறார்கள். கல்வெட்டு பதித்தாகிவிட்டது. சந்ததிதான் பாக்கி. கடலின் ஓசை கேட்க கோவளம் வரை போக வேண்டும் என்பது வேறு விஷயம். பெயர் வைப்பது பில்டரின் பிறப்புரிமை.

பணி இதுதான். பதினாறு வீட்டுக்கும் பொதுவாக வரும் இணைய இணைப்பைப் பிரித்துக் கொடுக்க, கீழே மீட்டர் அறையில் ஒரு சுவிட்ச் உண்டு. தீப்பெட்டியைப் பெரிதாக்கினாற்போல் ஒரு பெட்டி, வரிசையாகக் கேபிள் சொருகும் துளைகள். பழைய பெட்டிக்கு வயதாகிவிட்டது. மூன்றாம் மாடியில் யாராவது படம் பார்த்தால் இரண்டாம் மாடியில் பேச்சு நின்றுவிடும். ஆகவே புது சுவிட்சைத் தேர்ந்தெடுக்கச் சங்கம் ஓர் ‘உயர்மட்டத் தொழில்நுட்பக் குழு’ அமைத்தது.

அந்த இரண்டாம் மாடியில்தான் ஜாய்ஸ் வாடகைக்கு இருந்தாள். அச்சரப்பாக்கத்துப் பெண். ஒரு வயது மகள் ஷாரோனை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு மென்பொருள் வேலை பார்த்தாள். வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோன ஜாய்ஸின் முகம் பெங்களூரில் ரொம்பப் பிரசித்தம். மேலாளர் கலைவாணன் தங்கமான மனிதர், மிரட்டினாலும் மரியாதையாகத்தான் மிரட்டுவார்.

“கிளையன்ட் மீட்டிங்ல இன்னொரு தடவ நீங்க கட் ஆனீங்கன்னா, அடுத்த திங்கக்கிழமைலேர்ந்து பெங்களூர் ஆபீஸ் வந்துடுங்க ஜாய்ஸ். ஓகேவா?”

எப்படி ஓகே ஆகும்? கணவன் ஹேமந்துக்கு அணுபுரம் பக்கம் ஷிப்டு வேலை. குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஜாய்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழுவின் கூட்டத்துக்கே போய்விட்டாள். வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்தில் நிற்கலாம். உட்காருவது உரிமையாளர்களின் உரிமை. அதனால் நின்றபடியே சொன்னாள்.

“கிகாபிட் சுவிட்ச், இருபத்திநாலு போர்ட், மேனேஜ்டு டைப்பா வாங்கிடுங்கண்ணே. யாராவது கேபிளத் தப்பா சொருகிட்டாகூட அதுவே கண்டுபுடிச்சு நிறுத்திடும்.”

தலைவர் எல்லப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு டிப்பர் லாரிக்குச் சொந்தக்காரர்.

“இன்னாமா சொல்ற? அதுவே கண்டுபுடிக்குமா? அதுவே நிறுத்துமா? அப்ப நாங்க இன்னாத்துக்கு கீறோம்?”

“கரெக்ட்,” என்றார் செயலாளர் ஆபிரகாம். ஓய்வுபெற்ற அதிகாரி. “தீர்மானம் போடாம ஒரு பெட்டி தன்னிச்சையா முடிவெடுக்கறது பைலாவுக்கே விரோதம்.”

இருவரும் ஒரே கருத்தைச் சொன்னது சங்க வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. நோட்டீசில் ஒருவர் பெயர் மேலே வந்துவிட்டால் மற்றவருக்கு அன்று சோறு இறங்காது. லிஃப்ட் திறந்த அன்று யார் முதலில் ஏறுவது என்று இருவரும் ஒன்றாக நுழைந்து, கதவில் தோள் மாட்டி, திறப்பு விழாவே ரிப்பேர் விழாவானது ஊரறிந்த கதை.

அடுத்து, மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றுக்குத் ‘தொழில்நுட்ப ஆய்வுப் பயணம்’. வறுத்த வஞ்சிரம் உள்ளிட்ட பல நுணுக்கங்கள் அங்கே ஆழமாக ஆராயப்பட்டன. கிளம்பும் நேரத்தில், விடுதி ஆபீசில் ஒரு பெட்டி பச்சை பச்சையாகக் கண் சிமிட்டுவதை எல்லப்பன் பார்த்துவிட்டார். ‘எவ்ளோ மினுக்குதோ அவ்ளோ ஸ்பீடு’ என்ற அரிய கண்டுபிடிப்போடு குழு ஊர் திரும்பியது.

கடைசியில் தானாக எதையும் முடிவெடுக்காத, அடக்கமான, பணிவான ஒரு சுவிட்ச் வாங்கப்பட்டது. கடைக்காரப் பையன் வந்து எல்லா வீட்டுக் கேபிளையும் அதில் மாட்டிவிட்டுப் போனான். அட, இணையம் பறந்தது! ஜாய்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. குழந்தைக்கு முத்தம் கொடுத்தாள், மோடத்துக்கும் ஒன்று கொடுத்தாள்.

ஆனால் ஓடுகிற சுவிட்சாக இருந்தாலும் திறந்து வைக்காமல் விட முடியுமா? வெள்ளிக்கிழமை பத்தரைக்கு விழா. கிளையன்ட் மீட்டிங்கும் அதே நேரத்தில்தான்.

“அண்ணே, எல்லா கேபிளும் மாட்டியாச்சு. தயவு செஞ்சு எதையும் தொடாதீங்கண்ணே.”

“நாங்க இன்னாத்தமா தொடப்போறோம்? சும்மா ஒரு ஒயர சொருகுவோம், கை தட்டுவோம், கேசரி துன்னுவோம். நீ போமா.”

மீட்டிங் தொடங்கியது. ஜாய்ஸ் கணீரென்று பேசிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. அந்தக் கணமே திரையில் எல்லோரும் உறைந்துபோனார்கள். கலைவாணன் போனில் வந்தார்.

“ஜாய்ஸ், கிளையன்ட் அஞ்சு நிமிஷம் வெயிட் பண்றேன்னு சொல்லியிருக்காரு. அஞ்சே நிமிஷம்.”

குழந்தையை அள்ளிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினாள். மீட்டர் அறையில் ஒரே கூட்டம். சுவிட்சுக்குச் சந்தனப் பொட்டு, சாமந்தி மாலை. விளக்குகளெல்லாம் பேய் பிடித்தாற்போல் மினுக்கிக்கொண்டிருந்தன.

“பாத்தியாமா ஸ்பீட!” எல்லப்பன் பூரித்துப்போயிருந்தார். “மாமல்லபுரத்துலகூட இப்டி மினுக்கல!”

“என்ன பண்ணீங்க?”

பொருளாளர் வசந்தா பெருமையாக விளக்கினாள். “விழாவுக்குன்னு ஒரே ஒரு கேபிளுதாம்மா இருந்துச்சி. யாரு சொருகறதுன்னு பேஜாராயிடுச்சி. நாந்தான் ஐடியா குடுத்தேன். கேபிளுக்கு ரெண்டு மொன கீதே! தலைவரு ஒண்ணு, செக்ரெட்ரி ஒண்ணு, ஒரே நேரத்துல சொருகிட்டாங்க. யாருக்கும் மனஸ்தாபம் இல்ல.”

ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில்! ஒரு முனை வழியாகப் போன தகவல் மறுமுனை வழியாக அதே பெட்டிக்குள் திரும்பி, மறுபடி போய், மறுபடி வந்து, வேறெதற்கும் வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. பதினாறு வீட்டிலும் இணையம் செத்துக்கிடந்தது. ஜாய்ஸ் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

“அது என் முனை!” ஆபிரகாம் அலறினார். “பிடுங்கறதுக்கு என்னோடதுதான் கிடைச்சுதா?”

“அதானே. இன்னாமா நீ, பெரியவரப் போயி,” என்றார் எல்லப்பன், மனம் நிறைய.

“சார், ஏதாவது ஒண்ணு வெளிய வரணும். உங்களது இல்லன்னா அண்ணனுது.”

“என்னுதா? என்னுத யாரு தொடுறான்னு பாக்கறேன்!”

“எதை எடுத்தாலும் திறப்பு விழா ரத்துன்னு அர்த்தம்,” என்று ஆபிரகாம் தீர்ப்பளித்து, தன் முனையைத் தானே மறுபடி அழுத்திச் சொருகினார். “பொதுக்குழுவக் கூட்டுவோம். ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்கணும்.”

போன் மறுபடி அடித்தது. தாம்பாளத்தில் ரிப்பன் வெட்டிய புதுக் கத்தரிக்கோல் பளபளத்தது. கேபிளின் நடுப்பகுதியை மாலை மூடியிருந்தது. ஜாய்ஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரிண்ணே, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கினேன். இவ்ளோ பெரிய விழா, குரூப் போட்டோ எடுக்கலையா? அண்ணனும் சாரும் நடுவுல நில்லுங்க. எல்லாரும் வாசப்பக்கம் பாருங்க. வசந்தாக்கா, பாப்பாவக் கொஞ்சம் புடிங்க.”

போட்டோ என்றதும் சங்கமே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவிட்சுக்கு முதுகைக் காட்டியது. சிரிக்கலாமா வேண்டாமா என்று தலைவரும் செயலாளரும் விவாதித்துக்கொண்டிருந்தபோது, மாலைக்குப் பின்னால் ‘நறுக்’ என்று ஒரு சின்னச் சத்தம். விளக்குகள் அடங்கின.

“இன்னாமா, மினுக்கறது கம்மியாயிடுச்சே?” எல்லப்பன் திரும்பிப் பார்த்துப் பதறினார்.

“அதுக்கு உண்டான மரியாதை கிடைச்சிடுச்சில்லண்ணே, இனிமே அமைதியா வேல பாக்கும்,” என்று படியிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு ஜாய்ஸ் ஓடினாள். கிளையன்ட் அப்போதுதான் காபிக் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமையும் ஷாரோன் அம்மா மடியில்தான் இருந்தாள்.

சுவிட்ச் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. விழா மாலையை எடுக்காமலே, வாடாத பிளாஸ்டிக் மாலை ஒன்றையும் அதன் மேலே போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கல்வெட்டில், ‘இருபெரும் தலைவர்களின் பொற்கரங்களால் ஒருங்கே இணைக்கப்பட்டது.’ வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் கேபிளைக் காட்டி, பதினாறு வீட்டு இணையமும் தலைவர்கள் கை பட்டதால்தான் ஓடுகிறது என்று சங்கம் பெருமை பேசுகிறது.

ஜாய்ஸ் மறுத்துப் பேசுவதில்லை. அவர்கள் கை பட்டது எதுவும் எங்கேயும் போய்ச் சேராமல் இருக்கிறவரைக்கும், ‘கடலோசை’ ஓடும்.