புக்கிட் பெலிம்பிங்கில் குளிர்காலம்

மலேசியாவில் எங்கள் புக்கிட் பெலிம்பிங்கில் இதுவரை பனி பெய்ததில்லை. இனிமேலும் பெய்யாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. மாவட்ட வீட்டுத்தோட்ட அலுவலகம் விஷயத்தை இந்தக் கோணத்தில்தான் அணுகியது.

அதன் அதிகாரி திருச்செல்வம் நல்ல மனுஷன்தான், குறை சொல்லக்கூடாது. அலுவலகச் செலவில் இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குப் போனவர், அங்கே ஒரு வீட்டுத் தோட்டத்தில் வாழை ஒன்றைப் பார்த்திருக்கிறார். இலையையெல்லாம் வெட்டி, தண்டைச் சுற்றி வைக்கோல் கட்டி, அதற்குமேல் கம்பளி போர்த்தி, தலையில் பிளாஸ்டிக் குல்லா வேறு மாட்டியிருந்ததாம். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது என்று அவரே சொன்னார். ஊர் திரும்பிய வாரமே எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

"குலையே தள்ளாத வாழைக்கு அங்கே இவ்வளவு மரியாதை. தவறாமல் குலை தள்ளும் நம் வாழைகளோ காலங்காலமாகத் திறந்த மேனியோடு நிற்கின்றன. இது நமக்கு அழகா?"

கேட்கும்போது எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"ஆகவே, நவம்பர் முதல் மார்ச் வரை வீட்டு வாழைகள் அனைத்தும் குளிர்காலப் பாதுகாப்பின்கீழ் கொண்டுவரப்படுகின்றன."

நான் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இங்க ஏது சார் குளிரு? சட்டைய கழட்டிப் புழிஞ்சா ஒரு வாளி வேர்வ வரும்லா," என்றேன்.

"மிஸ்டர் கணேஸ்வரன், குளிர் வருவதற்கு முன்னால் செய்தால்தான் அது பாதுகாப்பு. வந்தபிறகு செய்வது நிவாரணம். அது வேறு இலாகா."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவர் என் பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா. மகள் துளசிக்கு ஈஜோக்கில் மாப்பிள்ளை, ஜனவரியில் கல்யாணம். முந்தின வருஷம் பரிசம் போட்ட வாரமே வாசலில் இரண்டு ரஸ்தாளிக் கன்று நட்டு, கல்யாணத்துக்குக் குலையோடு நிற்கிற மாதிரி பிள்ளைபோல வளர்த்து வைத்திருந்தார். அதோடு விட்டாரா? மாப்பிள்ளையின் அம்மா தனேஸ்வரியிடம், "காசு குடுத்து வாங்குற வாழ நமக்கு வேணாம் சம்பந்தி. எங்க வீட்டு வாழதான் மண்டப வாசல்ல நிக்கும்," என்று பெருமையடித்தும் வைத்திருந்தார். தனேஸ்வரி அம்மாள் ஒன்றைக் கேட்டுக்கொண்டால் லேசில் மறக்கிறவர் இல்லை.

தஞ்சோங் காராங் வயலிலிருந்து வைக்கோல் வந்தது. அதை ஏற்றிவந்தது என் லோரிதான். வாடகை வருகிறது, வேண்டாமென்றா சொல்ல முடியும்? திருச்செல்வம் நேரில் நின்று மேற்பார்வையிட்டார். அரிவாள் இலைமேல் விழுந்தபோது இராஜம்மா அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"இலைய வெட்டுனா குலை எப்படி சார் முத்தும்?"

"குளிர்காலத்தில் வாழை உறங்கும், அம்மா. உறங்குகிறவருக்கு இலை எதற்கு?"

வெட்டி, சுற்றி, போர்த்தி, குல்லா மாட்டி முடித்ததும், வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முப்பத்து மூன்று டிகிரி காட்டியது.

"நேற்று முப்பத்து நான்கு," என்றார் கவலையோடு. "தொடங்கிவிட்டது."

கல்யாணம் நெருங்க நெருங்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பளிக்குள்ளிருந்து புளித்த வாடை வேறு வந்தது. ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

"சார், பொண்ணு கல்யாணம். அவுத்து விட்டுருங்க."

"வசந்தம் வந்தால்தான் அவிழ்க்க முடியும், அம்மா."

"எப்ப சார் வரும்?"

"மார்ச்சில். தலைமையகம் தேதியை அறிவிக்கும்."

"சம்பந்தி முன்னால என் மூஞ்சிய எங்க சார் கொண்டு வைக்கிறது?" என்று கேட்டவர் அப்படியே அழுதுவிட்டார்.

திருச்செல்வமும் பெண் பிள்ளையைப் பெற்றவர்தான். எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, மெதுவான குரலில் சொன்னார்: "அவிழ்க்கத்தான் தடை. வெட்டத் தடை இல்லை."

அப்படித்தான் கல்யாண மண்டப வாசலில் இரண்டு வாழைகள், கழுத்துவரை கம்பளியும் தலையில் பிளாஸ்டிக் குல்லாவுமாக, காய்ச்சல்காரர்கள்போல நின்றன. இராஜம்மா அக்கா தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். தனேஸ்வரி அம்மாள் காரை விட்டு இறங்கினார். இடது வாழையை மேலும் கீழும் பார்த்தார். வலது வாழையையும் அப்படியே பார்த்தார்.

"என்னா இது?"

பக்கத்தில் மாலையோடு நின்ற சிறப்பு விருந்தினர் திருச்செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்கிலாந்து முறை, அம்மா."

தனேஸ்வரி அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அதான பாத்தேன். ஈஜோக்ல இதெல்லாம் யாருக்குத் தெரியுது?" என்று கம்பளியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா ராணிபோல வெளியே வந்தார். உள்ளே குலை அழுகிக் கஞ்சியாகிவிட்டது, அன்று சாயங்காலம் அதைப் புதைத்த அக்காவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

அடுத்த மாதமே ஈஜோக்கில் ஒரு கல்யாணம், பாசிர் பெனம்பாங்கில் ஒரு கல்யாணம், எல்லா வாசலிலும் போர்த்திய வாழை. அலங்காரக்காரர்கள் கம்பளிக்கு ஜரிகை வைத்தார்கள். கொஞ்ச நாளில் கனமான மரத்தை ஏன் தூக்குவது என்று, கம்பளிக்குள் பிளாஸ்டிக் குழாயை நட்டுவிட்டார்கள். பார்க்க ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டு வாழையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கார் நிறுத்திக்கொண்டோம். மார்ச்சில் திருச்செல்வம் வந்து வசந்தத்தை அறிவித்தார். அவிழ்த்துப் பார்க்க எங்கள் தாமானில் ஒரு வாழையும் இல்லை. அந்த ஆண்டு குளிரால் ஒரு வாழைகூடச் சாகாத மாவட்டம் என்று அவர் அலுவலகத்துக்கு விருது கிடைத்தது. கணக்கு சரிதானே.

இப்போது என் மகளுக்குக் கல்யாணம் வருகிறது. அலைந்து திரிந்து, செம்பனைக் காட்டோரம் குலையும் இலையுமாக நின்ற இரண்டு நிஜ வாழையை வெட்டி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே என் மனைவி மறித்துக்கொண்டாள்.

"என்னாங்க இது, ஒட்டுத் துணி இல்லாம? சம்பந்தி வீட்டு ஆளுங்க என்னா நெனைப்பாங்க?"

வாழையை லோரியிலேயே விட்டுவிட்டு, கம்பளி வாங்கக் கடைக்குப் புறப்பட்டேன். கடை வாசலில் வரிசை ரோடுவரை நின்றது. வெயிலில் நின்ற அத்தனை பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"இந்த வருஷம் குளிர் கொஞ்சம் அதிகம்தான்லா."