எந்தவகையாரின் மேல்பல்

நாம் ஒன்று சொன்னால் அதற்குப் பதில் சொல்கிறவர்கள் ஓர் இனம். பதில் சொல்லாமல், நாம் சொன்னது எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்கிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். இரண்டாவது இனத்தில் ஒருவர் உங்கள் வீட்டிலோ, ஆபீஸில் பக்கத்து மேஜையிலோ, பேருந்தில் ஜன்னலோரத்திலோ கட்டாயம் இருப்பார். "நேரமாச்சு, கிளம்பலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "நேரமாச்சுங்கறது தகவல். கிளம்பலாம்ங்கறது யோசனை. ரெண்டையும் எதுக்குச் சேர்த்துக் கட்டறீங்க?" என்பார். அதற்கப்புறம் எங்கே கிளம்புவது?

நம்மவரும் இந்த இனம்தான். பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது இப்போது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் அவர் எந்தவகையார். கூப்பிடுகிறவர்கள் கேலியாகத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆதியில் அவரும் நம்மைப் போல்தான் இருந்தார். ஒருமுறை கம்பெனியில் வாதத்திறன் பயிற்சி என்று ஒன்று ஏற்பாடு செய்தார்கள். போக வேண்டிய மேனேஜருக்கு வயிறு சரியில்லை, இவரை அனுப்பிவைத்தார். அங்கேதான் இவருக்கு ஞானம் பிறந்தது. மனுஷன் வாயைத் திறந்து அடித்துச் சொல்வதெல்லாம் மூன்று வகைக்குள் அடக்கம்: ஒன்று இருக்கிறது, இல்லை என்று சொல்லும் தகவல், ஒன்று நல்லது, கெட்டது என்று சொல்லும் மதிப்பீடு, ஒன்று இதைச் செய்யணும், அதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் யோசனை. எதிரே இருப்பவர் என்ன சொல்ல வருகிறார் என்று சரியாகப் புரிந்துகொள்வதற்காகத்தான் பயிற்சி கொடுத்தவர் இதைச் சொன்னார், பாவம். புரிந்துகொள்ளாமலேயே ஜெயிக்கலாம் என்று நம்மவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வித்தை ரொம்பச் சுலபம். நீங்கள் எந்த வகையில் நிற்கிறீர்களோ, அவர் அதில் நிற்க மாட்டார். "குழாய் ஒழுகுது" என்று தகவல் சொன்னால், "ஒழுகட்டுமே, அதனால என்ன கெட்டுப்போச்சு?" என்பார். "கெட்டதுதான்" என்று நீங்கள் மதிப்பீட்டுக்கு வந்தால், "அது உங்க அபிப்பிராயம்" என்பார். "சரி, ரிப்பேர் பண்ணணும்" என்று யோசனைக்குத் தாவினால், "முதல்ல ஒழுகுதான்னு நிரூபிங்க" என்று உங்களைப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடுவார். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, தலை சுற்றி, நீங்கள் ஒரு வாளியை எடுத்துக் குழாய்க்கடியில் வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். அந்த வாளியும் அவர் கம்பெனி வாளியாக இருந்தால் அதுவும் ஒழுகும்.

ஏன் என்கிறீர்களா? ஒருநாள் அடியில் ஓட்டையோடு வாளிகள் வந்து குவிந்தன. சூப்பர்வைசர் பதறிப்போய் ஓடி வந்தார். "ஓட்டை இருக்குங்கறது தகவல். ஓட்டை கெட்டதுங்கறது உங்க அபிப்பிராயம்" என்றார் எந்தவகையார். சூப்பர்வைசர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். வாளிகள் வெளியே போயின. வாங்கியவர்கள் அதில் செடி வைத்தார்கள், தண்ணீர் தேங்காமல் செடி நன்றாக வளர்ந்தது, இன்னும் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். மேனேஜர் இவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சொல்லுங்கள், அதற்கப்புறம் இவர் யார் பேச்சைக் கேட்பார்?

வீட்டிலும் இதே கூத்துதான். "மழை வருது, துணி நனையுது, போய் எடுத்துட்டு வாங்க" என்று மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால், இவர் நாற்காலியில் சாய்ந்தபடி, ஒரே மூச்சில் மூன்று வாதம் வைத்திருக்கிறாய் என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்குவார். விளக்கி முடிவதற்குள் துணி தொப்பல். "பார்த்தியா, இப்பத்தான் அது உறுதியான தகவல்" என்பார். அந்த அம்மாள் துணியைப் பிழிவாள். பிழிகிற வேகத்தைப் பார்த்தால் அவள் கையில் இருப்பது துணி என்று தோன்றாது.

இப்பேர்ப்பட்டவருக்குப் பல்வலி வந்தது.

வலது பக்கம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார், நடந்தார், சுவரில் சாய்ந்தார். சோறு இறங்கவில்லை. ஆனால் வலி மேல்பல்லில் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. மனைவிதான் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா பொறுமைசாலி. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினார், படம் எடுத்தார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மேல்பல்லு நல்லா இருக்கு சார். கீழ்பல்லுதான் சொத்தை. வேர் வரைக்கும் போயிடுச்சு, எடுத்துடணும்."

வலியிலும் நம்மவர் கண்ணில் ஒரு பிரகாசம். ஒரே மூச்சில் மூன்று வகையும் அகப்பட்டால் விடுவாரா?

"சொத்தைங்கறது தகவல், ஒத்துக்கறேன். எடுக்கணும்ங்கறது யோசனை, அதுக்கு அப்புறம் வருவோம். மேல்பல்லு நல்லா இருக்குன்னீங்களே, அது மதிப்பீடு. யாருக்கு நல்லா இருக்கு? உங்களுக்கா, எனக்கா?"

"சார், கீழ்பல்லு சொத்தையானா மேல்பல்லு வலிக்கற மாதிரி தோணும். நிறையப் பேருக்கு வர்றதுதான்."

"நிறையப் பேருக்குன்னா அது நிறையப் பேரைப் பத்தின தகவல். நாம என்னைப் பத்திப் பேசறோம்."

டாக்டரம்மா கையிலிருந்த கண்ணாடிக் கம்பியால் மேல்பல்லைத் தட்டினார். ஒன்றுமில்லை. கீழ்பல்லைத் தட்டினார். எந்தவகையார் நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தார்.

"துள்ளினீங்களே, பார்த்தீங்களா?"

"துள்ளினது தகவல்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எதனால துள்ளினேங்கறது காரணம். காரணத்துக்குத் தனியா நிரூபணம் வேணும்."

"டாக்டர் சொல்றதைக் கேளுங்களேன்" என்றாள் மனைவி. "படிச்சவங்க."

"படிச்சவங்கங்கறது தகவல். இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாத தகவல்."

இப்படியே போயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். கன்னம் பன் மாதிரி வீங்கிய ஒருவர் உள்ளேயே வந்துவிட்டார். "டாக்டர், அவர் எதைச் சொல்றாரோ அதைப் புடுங்கி அனுப்புங்க. எனக்கு உயிர் போகுது" என்றார். எந்தவகையார் அவர் பக்கம் திரும்பி, உயிர் போகிறது என்பது தகவலா, மிகையா என்று விசாரிக்கத் தொடங்கினார். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷர் வெளியே ஓடிவிட்டார்.

டாக்டரம்மா வேர்வையைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாகப் பல் பிடுங்குகிறவர். ஆனாலும் ஒரு நிமிஷம் அந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நம்மவர் பேச்சின் சக்தி அப்படி. டாக்டரம்மா முகத்தில் ஒரு சலிப்பு வந்து உட்கார்ந்தது, ஓட்டை வாளியோடு நின்றவருக்கும் நனைந்த துணியைப் பிழிந்தவளுக்கும் வந்த அதே சலிப்பு.

"கடைசியாக் கேக்கறேன் சார். பல்லு உங்களோடது. மேல்பல்லுதானா?"

"மேல்பல்லுதான்."

"சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்று சொல்லி ஊசியில் மருந்தை ஏற்றினார்.

ஜெயித்தாயிற்று. எந்தவகையார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த கணம் ஊசியின் மேல் கண் போயிற்று. இத்தனை காலம் அவர் ஜெயித்ததெல்லாம் பேச்சில்தான்; ஜெயித்த பிறகு எதிராளி முணுமுணுத்துக்கொண்டே போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவார். இங்கே அப்படி இல்லை. ஊசி இவர் சொன்ன பக்கமே வருகிறது. கீழ்பல்லில் தட்டியபோது துள்ளியது நினைவுக்கு வந்தது. ஒருவேளை கீழ்பல்தானோ? அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் தோற்ற மாதிரி ஆகிவிடாதா? யாராவது ஒரே ஒரு ஆட்சேபம் சொன்னால் போதும், இந்த முறை தோற்றுக்கொடுத்துவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. மனைவியைப் பார்த்தார். சொல்லேன், வேண்டாம் என்று சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக, "நீங்க சொல்றதுதான் சரி" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் காத்திருந்த வாக்கியம் அது. அன்றைக்குத்தான் வர வேண்டுமா?

பல் வந்துவிட்டது. எவர்சில்வர் தட்டில் டங் என்று விழுந்தது. எந்தவகையார் வாயில் பஞ்சோடு எட்டிப் பார்த்தார். தரம் பார்க்கிறவர் கண் அல்லவா? விரிசல் இல்லை, கறை இல்லை, ஓட்டை இல்லை. எந்தப் பரிசோதனையிலும் தேறக்கூடிய பல். அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. பஞ்சு இருந்ததால் அழுகைக்கும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து மரத்துப்போனது தெளிந்ததும் வலி பழையபடி தொடங்கியது. மனைவி எதிரே வந்து நின்றாள்.

"வலி இருக்கா?"

அவர் யோசித்தார். இருக்கிறது என்றால் தகவல். தகவல் சொன்னால் அடுத்து மதிப்பீடு வரும், அதற்கடுத்து யோசனை வரும், எல்லாம் இவர் பக்கமே திரும்பும். "வலி கொஞ்சம் இடம் மாறியிருக்கு" என்று பார்த்தார். அவள் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகை சொல்ல அவள் ஒன்றுமே கொடுக்கவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "கீழ்பல்லு. ரொம்ப வலிக்குது, பயமா இருக்கு" என்றார்.

வகை பிரிக்காமல் வந்த அந்தப் பேச்சுக்கு அவளிடம் உடனே பதில் இருந்தது. கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

மறுபடியும் அதே நாற்காலி. டாக்டரம்மா ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. "எந்தப் பல்லு சார்?"

"நீங்க சொல்ற பல்லு."

மேலும் கீழும் பஞ்சு வைத்து அனுப்பினார். அதற்கப்புறம் சில நாள் அந்த வீட்டில் ஒரே அமைதி. மழை வந்தது, சொல்லாமலே எழுந்துபோய்த் துணியை எடுத்து வந்து வைத்தார். பக்கத்து வீட்டு டெய்லர் பயந்துபோய், "சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். மனைவி சிரித்ததைக்கூட அந்த நாட்களில் பார்த்தவர்கள் உண்டு.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். புண் ஆறி வாய் நன்றாகத் திறந்த காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, புதிதாய் வந்த இடைவெளி வழியாகக் காற்று சீற, எந்தவகையார் சொன்னார்: "மேல்பல்லை எடுத்ததாலதான் வலி கீழ்பல்லுலன்னு நிரூபணமாச்சு. ஆக, நான் சொன்னது தப்பில்ல. அது முதல் கட்டம்."

அவள் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. "எங்க மச்சான் அப்படியே இதேதான்" என்று சொல்லப்போகிறீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்கேயோ, "காரணத்தைச் சேர்த்தால் வகை நாலு ஆகிறதே, இவர் ஏன் மூன்று என்கிறார்?" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், எதற்கும் நாக்கால் ஒருதரம் உங்கள் மேல்வரிசையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.