லியாவுக்காகத் தெரு சொன்ன சாட்சி

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். வரலாற்றைத் திரிப்பவர்களைப் பற்றிப் பாடவேளை முழுவதும் சீறியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற பிறகு, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வரலாற்றைத் திரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதையாவது ஒழுங்காகத் திரித்தேனா என்றால், அதுவும் இல்லை.

என் மகன் செந்தில் துபாயில் பொறியாளராக இருந்தபோது, அங்கே செவிலியராகப் பணிபுரிந்த மேரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணை மணந்தான். அவள் கணவனை இழந்தவள். அந்த முதல் மணத்தில் பிறந்த மகள்தான் லியா. திருமணமான மறு ஆண்டே செந்திலுக்குத் திருச்சியில் வேலை கிடைக்க, மூவரும் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே உள்ள எங்கள் ஊரில் வந்து குடியேறுவதென்று முடிவாயிற்று. நான் பெருந்தன்மையோடு சம்மதித்தேன். (பெருந்தன்மையாவது ஒண்ணாவது. சம்மதிக்காவிட்டால் தானும் துபாய்க்குக் கிளம்புவதாக என் மனைவி சரோஜா சொல்லிவிட்டாள்.)

மருமகள் வெளிநாட்டுக்காரி என்பதை என் கௌரவம் ஒருவாறு தாங்கிக்கொண்டது. பேத்தி வேறொருவர் பிள்ளை என்பதைத் தாங்காது என்று நானாகவே தீர்மானித்தேன். ஆகவே, செந்திலுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே துபாயில் பதிவுத் திருமணம் நடந்துவிட்டதென்றும், லியா அவனுக்கே பிறந்தவள் என்றும் ஒரு வரலாறு இயற்றினேன். அதைத் தெருவில் வீடு வீடாகச் சென்று கற்பித்தேன். யார் கேட்டாலும் இப்படியே சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தினேன். எதிர்வீட்டுக் கலியபெருமாள் நாற்றுப் பறிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்திவைத்து இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்தேன். (வாத்தியார் புத்தி, லேசில் போகுமா?)

வரலாற்றுக்கு ஆதாரம் வேண்டுமே. அதற்காக லியாவுக்குக் காதணி விழா நடத்தினேன். "செந்திலின் செல்ல மகள், எங்கள் குலக்கொழுந்து" என்று தெருமுனையில் பத்தடிப் பதாகை வைத்தேன். அவர்கள் ஊர் வழக்கப்படி பிறந்த வாரமே அவளுக்குக் காது குத்தியாகிவிட்டது என்பது பந்தல் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆசாரி என்னைப் பார்த்தார். நான் ஆசாரியைப் பார்த்தேன். இருந்த துளையில் புதுத் தோட்டை மாட்டிவிட்டு, குத்தியாயிற்று என்று அவர் அறிவித்தார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது முறை. மாமனோ பிலிப்பைன்ஸில், செபு என்ற ஊரில் இருந்தார். எனவே கைப்பேசியில் தோன்றிய மாமனைப் பிள்ளையின் மடியில் உட்காரவைத்தோம்.

இதற்கிடையில் லியாவின் தங்கும் அனுமதி முடியும் நாள் நெருங்கியது. நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவன் செந்தில். அவன் உள்ளதை உள்ளபடி எழுதினான்: தந்தை காலமானவர், இறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது. மேரிசெல்லுக்குக் கணவன் இந்தியன் என்பதால் அவள் காரியம் எளிதில் முடிந்தது. லியாவுக்குத்தான் உள்ளூர் விசாரணை அறிக்கை தேவைப்பட்டது. அது சரியாக வராவிட்டால், பதினொரு நாளில் அவள் செபுவில் இருக்கும் மாமன் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். மறுபடி எப்போது வர முடியும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

விசாரணைக்கு ஏட்டு ஒருவர் வந்தார். முறைப்படி அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சரோஜா வைத்த காபியை அவர் தொடவில்லை.

"சார், விண்ணப்பத்துல பாப்பாவோட அப்பா இறந்துட்டார்னு இருக்கு. தெருவுல கேட்டா, காலையிலதான் திருச்சிக்கு பஸ் ஏறிப் போனாருங்கிறாங்க."

நான் காபியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எதிர்வீட்டுக்காரர், மூக்கு அப்படியே உங்க மூக்குங்கிறார். பக்கத்து வீட்டு அஞ்சலையம்மா, பிரசவத்துக்கு அவங்கதான் வெந்நீர் போட்டாங்களாம். பாஸ்போர்ட்டுல பிறந்த ஊர் செபுன்னு இருக்கு. அங்க போயா வெந்நீர் போட்டாங்க?"

(வெந்நீர் என் பாடத்திட்டத்தில் இல்லை. அது அந்த அம்மாள் சொந்தமாகச் சேர்த்தது.)

விண்ணப்பம் உண்மையென்றால் தெரு சொல்வது பொய், தெரு சொல்வது உண்மையென்றால் விண்ணப்பமும் இறப்புச் சான்றிதழும் பொய் என்று அவர் பொறுமையாக விளக்கினார். தகவல்கள் முரண்படுகின்றன என்று எழுதி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லி எழுதவும் தொடங்கிவிட்டார். மேரிசெல்லுக்கு அப்போது தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தப் பேனாவின் போக்கு அவளுக்குப் புரிந்திருக்கிறது. லியாவை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

சரோஜா என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா அந்தப் பேனர் கதையும் சேந்துதான் வரும்."

ஏட்டிடம் தனியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று அவரை உள்ளறைக்கு அழைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை பேர் சொன்னதை நான் ஒருவன் மறுத்தால் போதாதாம். சொன்னவர்களே வந்து மாற்றிச் சொல்லிக் கையெழுத்திட வேண்டுமாம். ஆக, என்னை நானே அவமானப்படுத்திக்கொள்வதற்கான கூட்டத்தை, என் வீட்டு வாசலில் நானே கூட்டினேன். அழைத்த பதினான்கு பேரும் வந்தார்கள். (கூப்பிடாத எட்டுப் பேர் அவங்களுக்கு முன்னாடியே வந்து நின்னாங்க.)

நிமிர்ந்து நின்று, செந்திலின் திருமணம் குறித்து முன்னர் நான் வழங்கிய தகவல்களுள் சில மறுஆய்வுக்கு உரியவை என்று தொடங்கினேன். ஒருவருக்கும் புரியவில்லை. சுருக்கமாகச் சொல்லும்படி ஏட்டு கேட்டுக்கொண்டார்.

"லியா என் மகனுக்குப் பொறந்தவ இல்ல. அவ அப்பா இறந்துட்டார். என் கௌரவத்துக்காக நான் பொய் சொன்னேன். உங்களையும் சொல்ல வச்சேன்."

தலைகுனிந்து, வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தேன். கலியபெருமாள் செருமினார்.

"அது எங்களுக்குத் தெரியும் சார்."

"தெரியுமா?"

"ஒன்பது வருசத்துக்கு முன்னாடி கல்யாணம்னீங்க. அந்த வருசம் தம்பி டிராக்டர்லேர்ந்து விழுந்து, கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு ஆறு மாசம் இங்கதான படுத்திருந்துச்சு. கொல்லைக்குத் தூக்கிட்டுப் போனதே நான்தான். துபாய்க்குப் போனதெல்லாம் அதுக்கப்புறம்."

வரலாற்றுப் பேராசிரியன் ஆண்டில் பிழை விட்டிருந்தான். பிள்ளையின் வயதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டவன், மகனின் காலை மறந்துவிட்டான். அப்படியானால் ஏட்டிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நான் கேட்டதும், அஞ்சலையம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"நீங்கதான வீடு வீடா வந்து சொல்லச் சொன்னீங்க? படிச்ச மனுசன் வாய் விட்டுக் கேட்டுட்டாரேன்னு சொன்னோம். வெந்நீரை வேணும்னா வாபஸ் வாங்கிக்கிறேன்."

ஏட்டு முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கி நின்ற பிறகு, வாக்குமூலத்தில் கடைசியாக ஓர் இடம் காலியாக இருப்பதைக் காட்டி, பாப்பா எனக்கு என்ன உறவு என்று கேட்டார்.

"பேத்தின்னு எழுதுங்க."

பழக்க தோஷத்தால் அவர் கூட்டத்தைப் பார்த்தார். இதை யாரும் தங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று கலியபெருமாள் உறுதியளித்தார். பதினான்கு பேரும் கையெழுத்திட்டார்கள். தங்களை மட்டும் விடுவது நியாயமில்லை என்று அந்த எட்டுப் பேரும் இட்டார்கள். இடம் போதாமல் மறுபக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் நீட்டிப்பு வந்தது. குடியுரிமை எல்லாம் இன்னும் நெடுந்தொலைவில் இருக்கிறது. அதுவரை ஆண்டுதோறும் விண்ணப்பம், ஆண்டுதோறும் விசாரணை. விசாரணை வாரம் பிறந்ததும் கலியபெருமாள் வாசலில் வந்து நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்து, அளவு கடந்த மரியாதையோடு கேட்பார்: "சார், இந்த வருசம் நாங்க என்ன சொல்லணும்?"

லியாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. எங்கள் தெருவின் தமிழைத் தெருவைவிட நன்றாகப் பேசுகிறாள். சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த உறவினர்களிடம், கல்லூரி முதல்வர் பதவி என்னைத் தேடி வந்ததையும், அதை நானே வேண்டாம் என்று மறுத்ததையும் சற்று விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் தட்டோடு நின்றிருந்த லியா, கூடத்துக்கே கேட்கும்படி திரும்பிக் கேட்டாள்:

"பாட்டி, இதுக்கு நாம என்ன சொல்லணும்?"